நல்ல நாள் வசூல்

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. நூற்றாண்டு மலருக்குன்னு போன்ல சொன்னீங்கள்ல, அப்பவே நினைச்சேன், சுத்திச் சுத்தி கடைசியில எங்கிட்டதான் வரணும்னு. மேனேஜரா இருந்தவங்க, கமிஷனரா இருந்தவங்க எல்லாம் எந்தெந்த ஊர்லயோ இருக்காங்க. பாதிப்பேரு போய்ச் சேர்ந்தாச்சு. செங்காத்தூர் நகராட்சி வரி ஆபீஸ் கதையைச் சொல்ல இந்த ஊர்ல மிச்சம் இருக்கிறது செண்பகவல்லி ஒருத்திதான். காபி சாப்பிடுறீங்களா? பால் இல்ல. கடுங்காபிதான். இங்க யாரும் வர்றதில்ல, அதனால பால் வாங்கி வைக்கிறதில்ல.

மொதல்ல அது ஆபீஸே இல்ல. சந்தைக்கு வர்ற மாட்டுவண்டிக்குக் காசு வாங்க வெள்ளைக்காரன் காலத்துல போட்ட ஓட்டுக் கொட்டகை. குடுக்க மாட்டேன்னா மாட்டை அவிழ்த்துக் கட்டிப் போட்டுருவாங்களாம். பெறகு நகராட்சி ஆனதும் அதையே சுவர் எழுப்பி, கவுண்ட்டர் வெச்சு, வீட்டுவரி ஆபீஸாக்கினாங்க. வீட்டுக்காரன்கிட்ட மாடு இருக்கோ இல்லையோ கதவு இருக்கும்ல. அதனால கதவைக் கழட்ட ஆரம்பிச்சாங்க. வரி கட்டாதவன் வீட்டுக் கதவை ஆசாரியை வெச்சு நிலையிலருந்து கழட்டி, தமுக்கு அடிச்சுத் தெருவோட தூக்கிட்டு வருவாங்க. ஜப்தி. ஆபீஸுக்குப் பின்னாடி அதுக்குன்னே ஒரு ரூம். கதவு ரூம்னு பேரு. நான் வேலைக்குச் சேர்ந்தப்ப உள்ள எட்டிப் பாத்தேன். வேப்பமரக் கதவு, தேக்குக் கதவு, மஞ்சள் குங்குமம் வெச்ச கதவு, பிள்ளைங்க சாக்பீஸ்ல கணக்குப் போட்ட கதவு, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு கெடந்துச்சு. மொதல் நாள் எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. பெறகு பழகிருச்சு.

அந்த வேலை எனக்குக் கருணை அடிப்படையில கெடைச்சது. எங்க வீட்டுக்காரர் அய்யாத்துரை அதே ஆபீஸ்ல பில் கலெக்டர். நல்ல மனுஷன்னு ஊரே சொல்லும். நல்ல மனுஷன்னா என்ன அர்த்தம்னு நான் சொல்றேன். வரி கேக்கப் போன வீட்டுல பிள்ளைக்குக் காய்ச்சல்னா, சரி அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு திரும்பி வந்துருவாரு. வரும்போது அந்த வீட்டுலயே மோர் வாங்கிக் குடிச்சுட்டு வருவாரு. நகராட்சியிலயே அவரு வார்டுதான் வசூல்ல கடைசி. மாசக் கூட்டத்துல எல்லாரு முன்னாடியும் எழுப்பி நிக்க வெச்சு மேனேஜர் கேப்பாராம், 'அய்யாத்துரை, நீ வரி கேக்கப் போறியா, சம்பந்தம் பேசப் போறியா'ன்னு. அப்படி ஒரு கூட்டம் முடிஞ்சு வெளியில வந்தவருதான். சைக்கிளை ஸ்டாண்டுலருந்து எடுக்கும்போதே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. எந்திரிக்கல. எங்க பையன் கதிரேசன் அப்ப ஒன்பதாவது படிச்சான்.

அவருக்கு ஒரு அக்கா. மரகதம். எனக்கு மதினி. தாயில்லாத தம்பியை இடுப்புல தூக்கி வளர்த்தவன்னு அவளைப் பத்திச் சொல்லுவாங்க. அவ வீட்டுக்காரர் சங்கரபாண்டி அண்ணன் தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சிக்கு மருந்து முக்குற வேலை பாத்தாரு. வடக்குத் தெருவுல சொந்த வீடு. ஒரே மக தமயந்தி.

அந்த வேலையை வாங்குறதுக்கு கலெக்டர் ஆபீஸுக்கு நடையா நடந்தோம். மரகதமும் கூட வந்தா. அவ வேலையைப் போட்டுட்டு வந்தான்னு சொந்தக்காரங்க இன்னைக்கும் சொல்லுவாங்க. வந்தா என்ன, துணைக்கு வந்தா. புளிச்சோறு கட்டிக் கொண்டு வருவா. பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்காந்து ரெண்டு பேரும் சாப்பிடுவோம். பஸ்ஸுக்கு அவதான் டிக்கெட் எடுப்பா. எங்கிட்ட இல்லாதப்ப அவ எடுக்காம வேற யாரு எடுப்பா. அதையெல்லாம் ஒரு பேச்சாப் பேச முடியுமா தம்பி.

வேலைக்கு ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியே தமயந்தி பெரிய மனுஷி ஆனா. சடங்கு வெச்சாங்க. தாய்மாமன் சீர் யாரு கொண்டு போறது? தாய்மாமன் போட்டோவுல இருக்காரு. நான்தான் கொண்டு போகணும். கடன் வாங்கி ஒரு பட்டுப்பாவாடை, ஒரு ஜோடிக் கம்மல். தட்டுல வெச்சு, கதிரேசனையும் கூட்டிக்கிட்டுப் போனேன். வாசல்ல மேளம். பொம்பளைங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. மரகதம் வேகமா வந்து என் கையிலருந்து தட்டை வாங்கி என் பையன் கையில குடுத்துட்டா. 'நீ அடுப்படியில இரு செம்பகம், அங்க ஆளில்ல'ன்னா. மெதுவாத்தான் சொன்னா. சிரிச்ச மாதிரிதான் சொன்னா. நான் அடுப்படியில உக்காந்து வாழைக்காய் நறுக்குனேன். வெளியில குலவை போட்டாங்க. தமயந்தி பெரியவங்க எல்லாரு கால்லயும் விழுந்து கும்பிட்டுச்சு. ஒவ்வொருத்தரா பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க. என் பேரு வரும்னு கையைக் கழுவிட்டுக் காத்திருந்தேன். வரல. வாழைக்காய்க் கறை ரொம்ப நாள் கையிலயே இருந்துச்சு.

ஏன் பேனாவை நிறுத்திட்டீங்க? அதுக்கும் நான் சொல்ல வந்ததுக்கும் சம்பந்தம் கிடையாது. குடும்பம் வேற, நகராட்சி வேற. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

வேலைக்குச் சேர்ந்ததும் எங்க வீட்டுக்காரர் வார்டையே எனக்குக் குடுத்தாங்க. தெருவுக்குள்ள போனா 'அய்யாத்துரை சார் சம்சாரமா, வாங்கம்மா'ன்னு பாய் விரிப்பாங்க. மோர் குடுப்பாங்க. வரி மட்டும் குடுக்க மாட்டாங்க. அந்த மனுஷன் அப்படிப் பழக்கி வெச்சிருந்தாரு. நான் மோரைத் தொட மாட்டேன். நாலு மாசம் அலைஞ்சேன். கூட்டத்துல என்னையும் எழுப்பி நிக்க வெச்சாங்க. அந்த மேனேஜர் போயி வேற மேனேஜர் வந்திருந்தாரு. கேள்வி மட்டும் அதேதான்.

அப்பதான் ஒரு நாள் ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. நகைப்பட்டறைக்காரர் வீட்டுக்கு பாக்கி கேக்கப் போறேன், உள்ள மருமகளுக்கு வளைகாப்பு. எனக்குத் தெரியாது. வாசல்ல போய் நின்னுட்டேன். பொட்டில்லாத நெத்தியோட ஒருத்தி வாசல்ல நின்னா அந்த நேரத்துல அவங்களுக்கு எப்படி இருக்கும்? அந்த வீட்டம்மா மொகம் போன போக்கைப் பாக்கணும். ஓடி உள்ள போயி, ஓடி வெளிய வந்து, அத்தனை வருஷ பாக்கியையும் என் கையில திணிச்சு, 'போயிட்டு வாங்கம்மா'ன்னு கூடச் சொல்லல, 'போங்கம்மா, போங்கம்மா'ன்னு கும்பிட்டுச்சு.

ரோட்டுல நின்னு யோசிச்சேன். எந்த நெத்தியைப் பாத்து என்னை அடுப்படிக்கு அனுப்புனாங்களோ, அந்த நெத்தியைப் பாத்துதான் இப்பப் பணம் வருது. அப்ப அதை எதுக்கு மறைச்சு வைக்கணும்?

அதுலருந்து நல்ல நாள் பாத்துத்தான் போவேன். கல்யாண மண்டபத்து வாட்ச்மேன், பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸு, பூக்கட்டுறவங்க எல்லாரும் எனக்குத் தகவல் சொல்லிருவாங்க. நிச்சயதார்த்தம், பால் காய்ச்சுறது, பேரு வைக்கிறது. நான் ஒரு வார்த்தை கடுமையாப் பேச மாட்டேன். சத்தம் போட மாட்டேன். போய் வாசல்ல நிப்பேன். அவ்வளவுதான். சாவு வீட்டுக்கும் போயிருக்கேன். தச்சாசாரி ஒருத்தர் செத்தப்ப, பாடையைத் தூக்கப் போற நேரம். நகராட்சிக்கு பாக்கி வெச்சுட்டுப் போனா ஆத்மா எப்படிம்மா சாந்தியாகும்னு அவரு சம்சாரத்துக்கிட்ட தன்மையாத்தான் கேட்டேன். அந்தம்மா மூக்குத்தியைக் கழட்டிப் பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட குடுத்து பணம் வாங்கிக் குடுத்துச்சு. அதுக்கு அங்கயே ரசீது போட்டுக் குடுத்துட்டுத்தான் வந்தேன். வாங்குனதுக்கு ரசீது போடாம நான் ஒரு நாளும் வந்ததில்ல.

மத்த பில் கலெக்டருங்க எல்லாம் வருவாங்க. 'அக்கா, எங்க வார்டுல நாளைக்கு ஒரு கிரகப்பிரவேசம், உங்க நெத்தியை ஒரு நாளைக்குக் குடுங்க'ன்னு கேப்பாங்க. ஆபீஸே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவ்வளவு மதிப்பு இருந்துச்சு எனக்கு. மேனேஜர் வேற ஊர்லருந்து வர்ற அதிகாரிங்ககிட்ட என்னைக் காட்டி, 'இவங்கதான் எங்க ஜப்தி வாரண்ட்டு'ன்னு சொல்லுவாரு.

இப்ப அந்த வருஷத்துக்கு வர்றேன். நீங்க எழுத வேண்டியது அந்த வருஷம்தான். ஒரு புதுக் கமிஷனர் வந்தாரு, சின்ன வயசு. மார்ச்சுக்குள்ள நூத்துக்கு நூறு வசூலாகணும், மாவட்டத்துலயே நம்ம நகராட்சிதான் மொதல்ல வரணும்னாரு. அதிகமா வசூல் பண்றவங்களுக்கு சுதந்திர தினத்தன்னைக்கு கலெக்டர் கையால பாராட்டுச் சான்றிதழ்னாரு. அப்பதான் ஒவ்வொரு வீடாத் திரும்ப அளந்து பாத்தோம். எது வீடு, எது தொழில் நடக்கிற இடம்னு பாத்தோம்.

மரகதம் வீட்டுல தீப்பெட்டி ஒட்டுவாங்க. அட்டையை மடிச்சுப் பசை தடவி ஒட்டுறது. அண்ணனுக்கு மருந்து பட்டுக் கை வெந்து போனதுலருந்து அவரு வேலைக்குப் போறதில்ல, அதுலதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. தெருவுல எல்லா வீட்டுலயும்தான் ஒட்டுறாங்கன்னு அவ சொன்னா. தெருவுல எல்லா வீட்டுக்கும் நான் அன்னைக்குப் போகல, அவ வீட்டுக்குப் போனேன். போன இடத்துல கண்ணால பாத்ததைத்தான எழுத முடியும்? தொழிற்கூடம்னு எழுதினேன். வரி பல மடங்கு ஏறுச்சு. மூணு வருஷத்துக்கு முன்தேதியிட்டு ஏறுச்சு.

மனு எழுதிக்கிட்டு ஆபீஸுக்கு வந்தா. கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்னா. 'செம்பகம், இதென்ன கணக்கு? பசை கிண்டுற சட்டியைப் பாத்தா உனக்கு ஃபேக்டரி மாதிரியா தெரியுது?' நான் மனுவை வாங்கி சீல் வெச்சேன். பரிசீலிக்கப்படும்னு சொன்னேன். 'உக்காரட்டுமா, கால் வலிக்குது'ன்னா. உக்காருற பெஞ்சு அந்தப் பக்கம் வராண்டாவுலதான் இருந்துச்சு. காட்டுனேன். அதுக்குப் பிறகு மாசத்துக்கு ஒரு தடவை வருவா. பரிசீலனையிலதான் இருக்குன்னு சொல்லுவேன். பொய் இல்ல. என் மேஜை டிராயர்லதான் இருந்துச்சு.

கடைசியா அவ வந்தது மாசியில. கையில வெத்தலைத் தட்டு. கவுண்ட்டருக்கு வராம நேரா உள்ள வந்து என் மேஜை முன்னாடி நின்னா. தமயந்திக்கு மாப்பிள்ளை அமைஞ்சிருச்சு. எட்டயபுரத்துப் பக்கம், பலசரக்குக் கடை, ஒரே பையன். மாசிக் கடைசி முகூர்த்தத்துல நிச்சயம்.

'காலையிலயே வந்துரு செம்பகம்'னா.

'வந்து எங்க நிக்கணும் மதினி'ன்னு கேட்டேன்.

தட்டை என் மேஜை மேல வெச்சா. பெறகு சொன்னா, 'அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. ஊர்ச்சனம் வாய்க்குப் பயந்துட்டேன். உன் மொகத்தை நினைச்சு நான் எத்தனையோ நாள் தூங்கல. இந்தத் தடவை தட்டு உன் கையாலதான் மாத்தணும். தாய்மாமன் வீட்டுத் தட்டு அது. எவ என்ன சொல்றான்னு நான் பாத்துக்கிறேன்.'

அப்படிச் சொன்னா. ஆபீஸ்ல எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. கண்ணு கூடக் கலங்குச்சு அவளுக்கு. ஆனா தம்பி, எத்தனை வருஷம் கழிச்சு? அதுவும் வரி பாக்கி நிக்கிற நேரத்துல. ஜப்திப் பட்டியல்ல பேரு இருக்கிறது தெரிஞ்சுதான் வந்து குழையுறான்னு எனக்குப் பட்டுச்சு. அவளுக்குத் தெரியாதுன்னு அப்புறம் சொன்னாங்க. தெரியாமலா இருக்கும்.

'கண்டிப்பா வர்றேன் மதினி'ன்னு சொன்னேன். போனேன்ல?

ஜீப்புல போனோம். தமுக்குக்காரர், ஆசாரி, துப்புரவுப் பிரிவுலருந்து ரெண்டு ஆளு. வெயில் ஏறியிருந்துச்சு. சூரியன் உதிச்ச பெறகு, மறையுறதுக்கு முன்னாடிதான் ஜப்தி பண்ணணும்னு விதி, அதுல நான் எப்பவும் சரியா இருப்பேன். வாசல்ல வாழை கட்டியிருந்தாங்க. கதவுக்கு மஞ்சள் பூசி, மாவிலை கோத்துத் தொங்க விட்டிருந்துச்சு. அந்த மாவிலையைக் கட்டுனது என் பையன் கதிரேசன். அச்சாபீஸ் வேலைக்கு லீவு போட்டுட்டு மொத நாளே போயிருந்தான். அத்தை வீடுன்னா அவனுக்கு அப்படி.

ஜீப்பைப் பாத்ததும் மரகதம் குங்குமச் சிமிழோட எறங்கி வந்தா. பின்னாடி தமுக்குக்காரர் எறங்கினதை அவ கவனிக்கல.

'வா செம்பகம். உனக்காகத்தான் தட்டு மாத்தாம இருக்கோம். பெரியவங்க நேரமாச்சுங்கிறாங்க.'

நான் நோட்டீஸைக் கையில எடுத்தேன். 'திருமதி மரகதம் சங்கரபாண்டி நீங்கதானே'ன்னு கேட்டேன்.

சிரிச்சா. வெளையாடுறேன்னு நினைச்சுட்டா. 'என்ன செம்பகம்'னா.

'நீங்கதானே?'

'ஆமா.'

தமுக்கை அடிக்கச் சொன்னேன். நோட்டீஸை வாசிச்சேன். வீட்டுக்காரர் பேரு, தெரு, பாக்கி, எல்லாம் கணீர்னு வாசிச்சேன். உள்ள பேச்சுச் சத்தம் நின்னுருச்சு. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க ஒவ்வொருத்தரா வெளிய வந்து பாத்தாங்க. சங்கரபாண்டி அண்ணன் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு வந்து, 'செம்பகம், நாளைக்குக் காலையில கொண்டாந்து கட்டிர்றேன். இன்னைக்கு ஒரு நாள் விட்டுரும்மா. உன் கால்ல விழட்டுமா'ன்னாரு. அந்த வெந்த கையைக் கூப்பிக்கிட்டு நின்னாரு. அண்ணன் முறை. கால்ல விழ வெச்சாப் பாவம்னு நான் ஒரு அடி பின்னாடி நகந்துக்கிட்டேன்.

மாப்பிள்ளையோட அப்பா நல்ல ஆளு. 'எவ்வளவும்மா, நான் கட்டிர்றேன். நல்ல காரியம் நடக்கிற இடத்துல இதென்ன'ன்னு சட்டைப்பையில கைய விட்டாரு. மூணாம் மனுஷர்கிட்ட வாங்க விதியில்லைங்கன்னு சொல்லிட்டேன். அப்படி ஒரு விதி கிடையாது. அந்த நேரத்துக்கு வாயில வந்துச்சு.

மரகதம் அதுவரைக்கும் அசையல. குங்குமச் சிமிழை மூடுனா. திறந்தா. மூடுனா. 'தட்டு மாத்தத்தான கூப்பிட்டேன்'னா. எங்கிட்ட சொல்லல. யாருகிட்டயும் சொல்லல.

அக்கம்பக்கத்துப் பொம்பளை ஒருத்தி சத்தமாக் கேட்டா, 'அறுத்தவ வந்து நிக்கிற நேரமாடி இது'ன்னு. நான் அவளைத் திரும்பிப் பாத்துச் சொன்னேன், 'சுமங்கலியா அமங்கலியான்னு நகராட்சி பாக்கிறதில்ல'ன்னு. ஆபீஸ் ஆளுங்க அதை ரொம்ப நாள் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க.

ஆசாரி கீல் திருகாணியைக் கழட்ட ஆரம்பிச்சாரு. பழைய கதவு, நல்ல கனம். மேல் கீல் விட்டதும் கதவு ஒரு பக்கமா சாய ஆரம்பிச்சது. அப்ப உள்ளயிருந்து தமயந்தி வந்துச்சு. அரக்குப் பட்டு, தலை நெறைய பூ. வந்து கதவை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு ஆசாரிகிட்ட சொல்லுச்சு, 'அண்ணே, பாத்து. கால்ல விழுந்துரும்.' கீழ் கீல் கழட்டி முடிக்கிற வரைக்கும் அப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. கதவு மஞ்சள் பூராவும் பட்டுச்சேலையில அப்பிருச்சு. நல்ல பிள்ளை. வீட்டுல அது ஒண்ணுதான் அன்னைக்கு நகராட்சிக்கு ஒத்துழைப்புக் குடுத்துச்சு.

கதவு இல்லாத வீடு எப்படி இருக்கும் தெரியுமா உங்களுக்கு? தெருவுலருந்து பாத்தா அடுப்படி வரைக்கும் தெரியும். இலை போட்டு வெச்சிருந்தது தெரிஞ்சது. பெரிய சட்டியில பாயசம் தெரிஞ்சது. சுவத்துல எங்க வீட்டுக்காரர் போட்டோ, புது மாலையோட. அதையும் துடைச்சுப் பொட்டு வெச்சிருந்தாங்க.

மாப்பிள்ளையோட அம்மா, 'நிச்சயத்தன்னைக்கே நிலை மூளியாயிருச்சு, இனி என்ன இருக்கு'ன்னுட்டு, கொண்டு வந்த தட்டைத் தன் ஆளுங்க கையில எடுத்துக் குடுத்துச்சு. அந்தப் பெரியவர் தயங்கினாரு. பெறகு அவரும் செருப்பைத் தேடிப் போட்டுக்கிட்டாரு. வந்த வேன் திரும்பிப் போச்சு.

ஜீப்புல கதவை ஏத்த ஒரு ஆள் கொறைஞ்சது. கதிரேசன் தண்ணி ஜக்கோட நிலை ஓரத்துல நின்னுக்கிட்டு இருந்தான். 'ஒரு கை பிடிப்பா'ன்னேன். ஜக்கைக் கீழ வெச்சான். உள்ள போயிட்டான். வளர்ந்த பையன், பத்துப்பேரு முன்னாடி அம்மா சொன்னதைக் கேக்கல. அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆபீஸ்ல அன்னைக்கு ஜிலேபி வாங்குனாங்க. கமிஷனர் ரூம்லருந்து வெளிய வந்து, 'உங்களை மாதிரி நாலு பேரு இருந்தாப் போதும்'னாரு. சொந்த நாத்தனார் வீட்டுக் கதவையே கழட்டிட்டான்னு ஊரெல்லாம் பரவுச்சு பாருங்க, அதுக்குப் பிறகு நான் யாரு வாசலுக்கும் போக வேண்டி வரல. கவுண்ட்டர்ல வரிசை தெருவரைக்கும் நின்னுச்சு. செங்காத்தூர் நகராட்சியில நூத்துக்கு நூறு வசூல் ஆனது அந்த ஒரே வருஷம்தான். நீங்க அதை மலர்ல போடுவீங்க, எனக்குத் தெரியும். கூடவே கலெக்டர் கையால சான்றிதழ் வாங்குற போட்டோவும் போடுவீங்க. அந்தப் போட்டோவுல நிக்கிறது மேனேஜர். நான் கீழ, சாமியானாவுக்குள்ள உக்காந்திருந்தேன். மேடையில குத்துவிளக்கு ஏத்துற நிகழ்ச்சி இருந்துச்சுல்ல, நான் அதுல நிக்க வேண்டாம்னு மேனேஜர் தன்மையா எடுத்துச் சொன்னாரு. எனக்கு இருக்கிற குறை அது ஒண்ணுதான்.

மரகதம் வீட்டுல மறுவாரமே கட்டிட்டாங்க. தமயந்தியோட கம்மலை வித்துன்னு கேள்வி. நான் சடங்குக்குக் கொண்டு போன கம்மல்னும் ஒரு பேச்சு இருந்துச்சு. கதவைத் திருப்பிக் குடுக்கக் கமிஷனர் உத்தரவு வேணும். அவரு மாத்தலாகிப் போயிட்டாரு. அடுத்தவர் வர நாளாச்சு. நீங்க ஃபைலைத் தள்ளி விட்டிருக்கலாமேன்னு அப்ப நெறையப் பேரு கேட்டாங்க. நான் வீட்டுக்கு ஒரு நியாயம் பாக்குறவ இல்ல. ஐப்பசி மழையில கதவு ரூம் ஒழுகுச்சு. உத்தரவு வந்து அண்ணன் எடுக்க வந்தப்ப கரையான் பாதியை அரிச்சிருந்துச்சு. ஒரு பார்வை பாத்துட்டு, 'இங்கயே இருக்கட்டும்'னுட்டுப் போயிட்டாரு.

ஜப்தி நடந்த அன்னைக்கு சாயங்காலம் கதிரேசன் வீட்டுக்கு வந்தான். பாயைச் சுருட்டினான், தலையணையை எடுத்துக்கிட்டான். 'எங்கடா'ன்னேன். 'கதவில்லாத வீட்டுல வயசுப் பொண்ணு இருக்கு. நான் வாசல்ல படுத்துக்கிறேன்'னான். ரெண்டு நாள் கோவம்னு விட்டேன். வரல. நிலைக்கு மரகதத்தோட சேலை ஒண்ணைத் திரையாக் கட்டியிருந்தாங்களாம், அதுக்கு வெளிய இவன் படுத்துக்கிடப்பானாம். எட்டயபுரத்துக்காரங்க திரும்பி வரல. வேற யாரும் வரல. ஜப்தியான வீட்டுப் பொண்ணுன்னு பேராயிருச்சு. அடுத்த தையில கழுகுமலைக் கோயில்ல வெச்சு தமயந்திக்குத் தாலி கட்டிட்டான். ஆபீஸ் வாசல்ல பூ விக்கிறவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாலை வாங்கிட்டுப் போனாராம்மா உங்க மகன், உங்களுக்குத் தெரியாதான்னு கேட்டா. தெரியும்னு சொன்னேன்.

நல்லாத்தான் இருக்காங்க. நான் மட்டும் அன்னைக்குக் கதவைக் கழட்டலைன்னா அந்தப் பிள்ளை ஏதோ ஒரு பலசரக்குக் கடையில புளி உருட்டிக்கிட்டு இருக்கும். முறைப் பையன் கெடைச்சது என்னாலதான. ஒரு நாள் வந்து அத்தைன்னு கூப்பிடல. கூப்பிட வேண்டாம்.

வீட்டை மரகதமும் அண்ணனும் கதிரேசன் பேருக்கு மாத்திக் குடுத்தாங்க. அதுலருந்து புது வருஷ வரி வாங்க ஆரம்பிக்கிற மொத நாள், கவுண்ட்டரைத் திறக்கும்போது அவன்தான் நிப்பான். நான்தான் கவுண்ட்டர்ல. பணத்தை வெச்சு, 'ரசீது குடுங்க மேடம்'பான். மேடம்னுதான் கூப்பிடுவான். ஆபீஸ் வேற வீடு வேறங்கிறது தெரிஞ்ச பையன். பக்கத்து சீட்டுக்காரங்களுக்கு அவன் என் மகன்னு தெரியவே ரொம்ப வருஷமாச்சு.

நான் ரிட்டையர் ஆகுறதுக்கு முந்தின வருஷம் மரகதம் செத்துப் போனா. போகாம இருக்க முடியுமா? கோடிச்சேலை ஒண்ணு எடுத்துக்கிட்டு, மாலை வாங்கிக்கிட்டுப் போனேன். தெருமுனையில திரும்புறப்பவே வாசல்ல இருந்த கூட்டம் ரெண்டா வெலகி வழி விட்டுச்சு. பறை அடிச்சவங்க நிறுத்திட்டாங்க. நிலையில தகரக் கதவு போட்டிருந்துச்சு, தெறந்து கெடந்துச்சு. உள்ள அவளை நடுவீட்டுல கெடத்தியிருந்தது தெரிஞ்சது. கால் ரெண்டு பெருவிரலையும் சேத்துக் கட்டியிருந்தாங்க. தலைமாட்டுல தமயந்தி உக்காந்திருந்துச்சு. என்னைப் பாத்துச்சு. எந்திரிக்கல. அழுகையையும் நிறுத்தல.

ஈரவேட்டியோட கதிரேசன் நிலைக்கு வந்தான். என் கையில இருந்த சேலையையும் மாலையையும் பாத்தான். உள்ள போனான். பீரோ தெறக்குற சத்தம் கேட்டுச்சு. ஒரு பிளாஸ்டிக் கவரோட வந்தான். அதுலருந்து ரசீதை எடுத்து நீட்டினான்.

'நடப்பு அரையாண்டு வரைக்கும் கட்டியிருக்கு மேடம். பாத்துக்கங்க.'

அதுக்கு வரலைப்பான்னு சொல்லியிருக்கலாம். ஆனா ரசீதை நீட்டுனா வாங்கிப் பாக்குறது கைப்பழக்கமாப் போச்சு. வாங்கிப் பாத்தேன். தேதி, சீல் எல்லாம் சரியா இருந்துச்சு. கையெழுத்து என்னோடதுதான். சரியா இருக்குன்னு சொல்லித் திருப்பிக் குடுத்தேன். வாங்கி மடிச்சுக் கவருக்குள்ள வெச்சான். வெச்சுட்டு நிலையை அடைச்சாப்ல நின்னு, எனக்குப் பின்னாடி தெருவைப் பாத்தான். சரியா இருக்குன்னு நானே சொன்ன பெறகு அங்க எனக்கு என்ன வேலை? வந்துட்டேன். நான் தெருமுனையைத் தாண்டினதும் பறை திரும்ப ஆரம்பிச்சது.

இந்த வருஷமும் மொத ரசீது அவனுக்குத்தான் போட்டாங்களாம், கவுண்ட்டர்ல இருக்கிற பொண்ணு சொல்லுச்சு. இத்தனை வருஷத்துல அந்த வீட்டு வாசப்படியை எந்தப் பில் கலெக்டரும் மிதிச்சதில்ல. ஒழுங்கா வரி கட்டுறவங்க பேரெல்லாம் மலர்ல ஒரு பக்கம் போடுறதா சொன்னீங்கள்ல, அதுல அவன் பேரு மேல வரணும். எழுதிக்கங்க. அ. கதிரேசன், வடக்குத் தெரு. தகப்பனார் அய்யாத்துரை, பில் கலெக்டர். தாயார் பேரையும் சேத்துப் போடுங்க தம்பி. அவன்கிட்ட கேட்டா விட்டுருவான்.